துடிப்பு நிற்காத இசைத்தட்டு

டிஸ்கோ செத்துவிட்டது என்று 1979-ல் மைதானத்தில் வெடிவைத்துக் கொண்டாடினார்கள். 'சாட்டர்டே நைட் ஃபீவர்' பாடல்களோ இன்றும் ஓய்ந்தபாடில்லை.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி, 86-வது தெரு. தலைக்குமேல் இரும்புத் தூண்கள் தாங்கிய பாதையில் ரயில் தடதடக்கிறது. கீழே நடைபாதையில் ஓர் இளைஞன் வருகிறான். கழுத்துப் பட்டை அகன்ற சிவப்புச் சட்டை, கறுப்புத் தோல் ஜாக்கெட், கையில் ஒரு பெயின்ட் டப்பா. ஒரு கடையின் கண்ணாடி ஜன்னல் முன் நின்று, தன் காலைத் தூக்கி உள்ளே இருக்கும் ஷூவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறான். பீட்சா கடையில் இரண்டு துண்டு வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கிக் கடித்தபடியே நடையைத் தொடர்கிறான். அவன் செய்வது பெயின்ட் கடையில் சொற்பச் சம்பள வேலை. ஆனால் நடை, ஊரையே விலைக்கு வாங்கியவனின் நடை.

அந்த நடையைக் கொடுத்தது பின்னணியில் ஓடும் 'ஸ்டேயிங் அலைவ்' பாட்டு. டோனி மனேரோ என்ற அந்தப் பாத்திரத்தில் நடந்தவர் ஜான் டிரவோல்டா. படம், 1977 டிசம்பரில் வெளியான 'சாட்டர்டே நைட் ஃபீவர்'. அதற்கு ஒரு மாதம் முன்பே, நவம்பர் 15-ம் தேதி கடைகளுக்கு வந்துவிட்டது அதன் பாடல் தொகுப்பு: இரண்டு இசைத்தட்டுகள், 17 பாடல்கள்.

அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் தொடர்ந்து 24 வாரங்கள் முதலிடம். பிரிட்டனில் 18 வாரங்கள். உலகம் முழுக்க விற்றவை 4 கோடிக்கும் மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். எண்கள் பெரியவைதான். ஆனால் இந்த இசைத்தட்டின் கதை விற்பனையோடு முடிந்துவிடவில்லை. ஊரே கொண்டாடியதும், பிறகு அதே ஊர் கேலி செய்ததும், கேலி செய்தவர்களின் காலம் முடிந்த பிறகும் அது தாக்குப்பிடித்து நிற்பதும்தான் கதை.

கற்பனையில் பிறந்த நிஜம்

விதை ஒரு பத்திரிகைக் கட்டுரை. 1976 ஜூனில் 'நியூயார்க்' இதழில் நிக் கோன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர், புரூக்ளினின் பே ரிட்ஜ் பகுதியில் '2001 ஒடிஸி' என்ற கிளப்பில் சனிக்கிழமை இரவுகளில் ஆடும் உழைக்கும் வர்க்க இளைஞர்களைப் பற்றி எழுதினார். வாரம் முழுக்கக் கடையில் நின்று, சனிக்கிழமை இரவு மட்டும் ராஜாவாகும் வின்சென்ட் என்ற இளைஞன் அதன் நாயகன். படித்த தயாரிப்பாளர் ராபர்ட் ஸ்டிக்வுட் உடனே திரைப்பட உரிமையை வாங்கினார்.

இருபது ஆண்டுகள் கழித்து கோன் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். வின்சென்ட் என்று ஒருவன் கிடையாது. அந்த ஊரின் பழக்கவழக்கம் பிடிபடாததால், லண்டனில் தான் முன்பு அறிந்திருந்த ஓர் இளைஞனை மனதில் வைத்துப் பெரும்பகுதியைப் புனைந்திருந்தார்.

கட்டுரை கற்பனை, ஆனால் அது தொட்ட வலி கற்பனை அல்ல. நியூயார்க் நகர நிர்வாகம் 1975-ல் திவாலின் விளிம்புவரை போய் வந்திருந்தது. 1977 ஜூலையில் ஒரு மின்தடை, நகரத்தை இருளில் மூழ்கடித்துக் கடைகளைச் சூறையாட விட்டது. ஒரு தொடர்கொலைகாரனின் பயத்தில் மக்கள் இரவில் வெளியே வரத் தயங்கினார்கள். 'ஸ்டேயிங் அலைவ்' என்றால் 'உயிரோடு இருத்தல்'. நடன அரங்குகள் தலையில் வைத்துக் கொண்டாடிய அந்தப் பாட்டின் உள்ளே இருப்பது, அப்படிப்பட்ட ஒரு நகரத்தில் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கதைதான்.

படமும் அப்படியே. பாடல்களை மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் முதல்முறை படம் பார்த்தால் திடுக்கிடுவார்கள். இனவெறி, கும்பல் சண்டை, பாலியல் வன்முறை, பாலத்திலிருந்து விழுந்து சாகும் நண்பன் என்று இருட்டு மண்டிய படம் அது. இளம் ரசிகர்களும் பார்க்கட்டும் என்று 1979-ல் கத்தரித்த பதிப்பு ஒன்றை வெளியிட வேண்டியிருந்தது. படப்பிடிப்பின்போது டிரவோல்டாவின் வாழ்விலும் துக்கம் நுழைந்தது. அவருடைய காதலி, நடிகை டயானா ஹைலண்ட், 1977 மார்ச்சில் புற்றுநோயால் இறந்தார்.

பழைய மாளிகையில் இரண்டு பார்

பீ ஜீஸ் என்ற பெயரில் பாடிய பேரி, ராபின், மாரிஸ் கிப் மூவரும் சகோதரர்கள். ஐல் ஆஃப் மேன் தீவில் பிறந்து, மான்செஸ்டரில் வளர்ந்து, 1958-ல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியவர்கள். 1967-ல் இங்கிலாந்து திரும்பிப் பெயர் வாங்கி, 1974 வாக்கில் மார்க்கெட் இழந்து, வட இங்கிலாந்தின் சாப்பாட்டு கிளப்களில் பாடும் நிலைக்கு வந்திருந்தார்கள். நண்பர் எரிக் கிளாப்டனின் யோசனைப்படி மயாமிக்குப் போய், தயாரிப்பாளர் அரிஃப் மார்டினோடு 1975-ல் 'மெயின் கோர்ஸ்' ஆல்பத்தைப் பதிந்தபோதுதான் மறுபிறவி கிடைத்தது. பேரியின் உச்சஸ்தாயிக் கள்ளக்குரல் வெளிப்பட்டது அங்கேதான்.

1977-ன் தொடக்கத்தில் அவர்கள் பாரிஸுக்கு வெளியே 'ஷத்தோ தெருவீல்' என்ற பழைய மாளிகை ஸ்டுடியோவில் இருந்தார்கள். ஸ்டிக்வுட்டிடமிருந்து போன் வந்தது: ஒரு சின்ன பட்ஜெட் படம், சில பாட்டுகள் வேண்டும். திரைக்கதையைப் படிக்காமலேயே எழுதினார்கள். 'ஹவ் டீப் இஸ் யுவர் லவ்', 'நைட் ஃபீவர்', 'ஸ்டேயிங் அலைவ்', 'மோர் தேன் எ வுமன்', 'இஃப் ஐ கான்ட் ஹேவ் யூ' ஆகியவை அந்த மாளிகையில் உருவாயின. படத்துக்கு 'சாட்டர்டே நைட்' என்று பெயர் வைத்திருந்த ஸ்டிக்வுட், அதே பெயரில் ஒரு பாட்டு கேட்டார். அந்தப் பெயரில் ஏற்கெனவே பாட்டுகள் நிறைய இருக்கின்றன என்று சகோதரர்கள் மறுத்தார்கள். கடைசியில் அவர்களுடைய 'நைட் ஃபீவர்' பாட்டின் பெயர்தான் படத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இந்த ஆல்பத்தின் உயிர்நாடியான சம்பவம் 'ஸ்டேயிங் அலைவ்' பதிவின்போது நடந்தது. டிரம்மர் டென்னிஸ் பிரையன், வீட்டில் நேர்ந்த ஒரு மரணத்துக்காக ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. பாட்டு பாதியில் நின்றது. ஆர்கனோடு வரும் தாளப் பெட்டியை வைத்து முயன்றார்கள், உயிரில்லாமல் ஒலித்தது. இணைத் தயாரிப்பாளர்கள் ஆல்பி கலூட்டனும் கார்ல் ரிச்சர்ட்சனும் ஒரு வழி கண்டார்கள். ஏற்கெனவே பதிவாகியிருந்த 'நைட் ஃபீவர்' பாட்டில் பிரையன் வாசித்ததிலிருந்து நல்ல இரண்டு பார்களை, அதாவது இரண்டு தாளச் சுற்றுகளை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். அதைத் தனி டேப்பில் ஏற்றி, டேப்பின் இரு முனைகளையும் வெட்டி ஒட்டி வளையமாக்கினார்கள். வளையம் இயந்திரத்துக்குள் அடங்காத அளவு நீளம். ஆகவே அதை வெளியே இழுத்து ஒரு மைக் ஸ்டாண்டின் மேலாக ஓடவிட்டு, தொய்யாமல் இருக்க பிளாஸ்டிக் ரீல் ஒன்றையும் மாட்டினார்கள். இயந்திரம் சுழல, இரண்டு பார் தாளம் திரும்பத் திரும்ப வந்தது. அதன்மேல்தான் கிட்டார், கீபோர்டு, குரல்கள் எல்லாம் அடுக்கடுக்காக ஏறின.

இன்று கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கிடைக்கும் 'லூப்' இதுதான். அன்று அது கத்திரிக்கோலும் ஒட்டு டேப்பும் பொறுமையும் சேர்ந்து செய்த கைவேலை. டிரம்மர் பெயர் போட வேண்டிய இடத்தில் 'பெர்னார்ட் லூப்' என்று ஒரு கற்பனைப் பெயரைப் போட்டார்கள். பெர்னார்ட் பர்டி என்ற புகழ்பெற்ற டிரம்மரின் பெயரை வைத்துச் செய்த விளையாட்டு. இப்படித் துல்லியமாக வாசிக்கும் இந்த லூப் யார் என்று மற்ற இசைக்கலைஞர்கள் தேடியதாகப் பின்னாளில் கலூட்டன் நினைவுகூர்ந்தார்.

கேட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். இயந்திரத்தின் ஒழுங்கு அந்தத் தாளத்தில் இருக்கிறது. கூடவே ஒரு மனிதனின் கை கனமும் இருக்கிறது. வேகம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 103 துடிப்பு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு முன்னே, படம் பின்னே

படத்துக்கு முன்பே பாட்டு வெளிவருவதும், பாட்டே படத்தை விற்பதும் தமிழ் ரசிகர்களுக்குப் பழகிய வழக்கம். ஹாலிவுட்டில் அதை இவ்வளவு திட்டமிட்டுச் செய்து காட்டியவர் ஸ்டிக்வுட். 'ஹவ் டீப் இஸ் யுவர் லவ்' 1977 செப்டம்பரிலேயே தனி இசைத்தட்டாக வந்தது. படத்தின் முன்னோட்டத்தில் 'ஸ்டேயிங் அலைவ்' துண்டைக் கேட்டவர்கள் அந்தப் பாட்டு எங்கே கிடைக்கும் என்று வானொலி நிலையங்களைத் துளைத்தார்கள். தனியாக வெளியிடும் எண்ணமே இல்லாத பாட்டு அது. வெளியிட வேண்டியதாயிற்று, நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. 'நைட் ஃபீவர்' எட்டு வாரம்.

1977 கிறிஸ்துமஸ் காலத்தில் தொடங்கிய 32 வாரங்களில் 25 வாரங்கள், கிப் சகோதரர்கள் எழுதிய ஏதோ ஒரு பாட்டுதான் அமெரிக்காவின் முதலிடத்தில் இருந்தது. ஏறத்தாழ 35 லட்சம் டாலரில் எடுத்த படம் 23 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது. அடுத்த ஆண்டே ஸ்டிக்வுட்டின் நிறுவனம் 'கிரீஸ்' ஆல்பத்தில் இந்த உத்தியைத் திரும்பச் செய்தது. 'ஃப்ளாஷ்டான்ஸ்', 'ஃபுட்லூஸ்' என்று எண்பதுகளின் ஹாலிவுட் நடனப் படங்கள் போட்ட ராஜபாட்டை இங்கிருந்து தொடங்கியதுதான்.

1979-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. ஆஸ்கர் குழுவோ இந்தப் படத்தின் ஒரு பாட்டைக்கூடப் பரிந்துரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவர்கள் வரலாற்றில் விழுந்த பெரிய ஓட்டை அது.

யாருடைய இசை?

இந்த ஆல்பத்தைப் பீ ஜீஸ் ஆல்பம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். மூவரும் பாடியவை ஆறு. மீதியைப் புரட்டினால் வேறோர் உலகம் திறக்கும். பிலடெல்பியாவின் கறுப்பினக் குழுவான தி டிராம்ப்ஸ் பாடிய 'டிஸ்கோ இன்ஃபெர்னோ' முதலில் வந்தபோது பட்டியலில் 53-வது இடத்தைத் தாண்டவில்லை. இந்த ஆல்பம் வந்த பிறகு 11-வது இடம்வரை ஏறியது. கூல் அண்ட் தி கேங், கேசி அண்ட் தி சன்ஷைன் பேண்ட், எம்.எஃப்.எஸ்.பி., 'மோர் தேன் எ வுமன்' பாட்டைத் தங்கள் பாணியில் பாடிய டவாரெஸ் சகோதரர்கள், ரால்ஃப் மெக்டொனால்டின் 'கலிப்ஸோ பிரேக்டவுன்' என்று பல ஊர், பல நிறம். ஹவாயில் பிறந்த இவோன் எலிமன் 'இஃப் ஐ கான்ட் ஹேவ் யூ'வைப் பாடி முதலிடம் பிடித்தார். டேவிட் ஷையர் படத்துக்கென அமைத்த வாத்திய இசையும் உண்டு.

இதைச் சொல்லியே ஆக வேண்டும். டிஸ்கோ பிறந்தது டோனி மனேரோவின் தெருவில் அல்ல. டேவிட் மன்குஸோ 1970-ல் நியூயார்க்கில் தன் வீட்டிலேயே தொடங்கிய 'தி லாஃப்ட்' போன்ற இடங்களில், கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கர்களும் தன்பாலீர்ப்பாளர்களும் யார் பயமும் இல்லாமல் கூடி ஆட அமைத்துக்கொண்ட இரவுகளில் பிறந்தது. ஒரு வெள்ளை இளைஞனின் முகத்தையும் மூன்று வெள்ளைச் சகோதரர்களின் குரலையும் கொடுத்துத்தான் ஹாலிவுட் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. பெற்றவர்களின் பெயர் பின்னுக்குப் போனது. இந்த ஆல்பத்தை நேசிப்பவர்கள் இந்தக் குறையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 'ஸ்டேயிங் அலைவ்' கேட்ட கையோடு 'டிஸ்கோ இன்ஃபெர்னோ'வை முழுதாக, பத்து நிமிடத்துக்கும் மேலே நீளும் அந்தப் பதிவைக் கேட்டால், யார் வீட்டு அடுப்பில் வெந்த சோறு இது என்பது தெரியும்.

வெடிவைத்த இரவு

1979 ஜூலை 12. சிகாகோவின் கமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். டிஸ்கோவை வெறுத்த வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால், ஒரு டிஸ்கோ இசைத்தட்டைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட் என்று அழைப்பு விடுத்திருந்தார். ஏறத்தாழ 50,000 பேர் திரண்டார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு இடையே, பெட்டி நிறைய இசைத்தட்டுகளை மைதானத்தின் நடுவே வைத்து வெடித்தார்கள். கூட்டம் களத்துக்குள் பாய்ந்தது. தரை பெயர்ந்தது. உள்ளூர் வைட் சாக்ஸ் அணி இரண்டாவது ஆட்டத்தை ஆடாமலே தோற்றதாக அறிவிக்கப்பட்டது.

அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்தார் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர். ரசிகர்கள் கொண்டுவந்தவற்றில் டிஸ்கோவுக்குச் சம்பந்தமே இல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் இருந்ததைக் கவனித்ததாக அவர் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். எரிந்தது ஓர் இசை வகை மட்டுமல்ல என்பதற்கு அவர் சாட்சி.

அதே சிகாகோவில், 'வேர்ஹவுஸ்' என்ற கிளப்பில், ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற டி.ஜே. டிஸ்கோ தட்டுகளை வெட்டி, ஒட்டி, நீட்டி இசைத்துக்கொண்டிருந்தார். அந்த கிளப்பின் பெயரிலிருந்தே 'ஹவுஸ்' இசைக்குப் பெயர் வந்தது. அதன் முன்னோடிகளில் ஒருவரானார், மைதானத்தில் இருக்கை காட்டிய அந்த வின்ஸ் லாரன்ஸ். டிஸ்கோவின் பழிவாங்கல்தான் ஹவுஸ் இசை என்றார் நக்கிள்ஸ். உலகின் நடன அரங்குகளில் இன்று ஒலிப்பதில் பெரும்பகுதி, சின்னதொரு தாளத்துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதன்மேல் கட்டிய இசை. பிரெஞ்சு மாளிகையில் மைக் ஸ்டாண்டைச் சுற்றி ஓடிய டேப் வளையமும் அதே பாதையைத்தான் பிடித்திருந்தது.

பீ ஜீஸ் கொடுத்த விலை பெரிது. வானொலிகள் அவர்களைத் தவிர்த்தன, பெயரே கேலிப்பொருளாயிற்று. அவர்கள் பேனாவை மட்டும் கீழே வைக்கவில்லை. பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டின் 'வுமன் இன் லவ்', டயான் வார்விக்கின் 'ஹார்ட்பிரேக்கர்', கென்னி ரோஜர்ஸும் டாலி பார்ட்டனும் பாடிய 'ஐலண்ட்ஸ் இன் தி ஸ்ட்ரீம்', டயானா ராஸின் 'செயின் ரியாக்‌ஷன்' எல்லாம் எண்பதுகளில் அவர்கள் எழுதிக் கொடுத்தவை. 'வுமன் இன் லவ்' பாட்டில் ஒலிக்கும் டிரம்ஸும் அதே 'நைட் ஃபீவர்' வளையத்திலிருந்து எடுத்ததுதான் என்கிறார் கலூட்டன். வெறுத்தவர்களே அறியாமல் அவர்கள் வீட்டு வானொலியில் அந்தத் தாளம் ஓடியிருக்கிறது.

வெள்ளை சூட்டின் பயணம்

டோனி மனேரோ போட்டியில் ஆடும்போது அணியும் வெள்ளை சூட், கடையில் வாங்கிய சாதாரண பாலியெஸ்டர் உடுப்பு. இந்தப் படத்தின் மேல் பித்தாக இருந்த விமர்சகர் ஜீன் சிஸ்கல் அதை 2,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். 1995-ல் அது 1,45,500 டாலருக்குக் கைமாறியது. 2008-ல் சிலி நாட்டு இயக்குநர் பாப்லோ லரைன், பினோசே சர்வாதிகாரத்தின் நடுவில் இந்தப் பாத்திரமாகவே மாறத் துடிக்கும் ஒருவனைப் பற்றி 'டோனி மனேரோ' என்றே ஒரு படம் எடுத்தார்.

அலை இந்தியாவுக்கும் வந்தது. 1982-ல் மிதுன் சக்ரவர்த்தி நடித்து, பப்பி லஹிரி இசையமைத்த 'டிஸ்கோ டான்சர்' சோவியத் யூனியன்வரை ஓடியது. தமிழில் அது 1985-ல் ஆனந்த்பாபு நடிக்க 'பாடும் வானம்பாடி' ஆனது. அந்தச் சொல் ஒரு நடிகையின் பெயரோடு சேர்ந்து 'டிஸ்கோ' சாந்தி என்று நிலைத்தது. கல்யாண மண்டபத்து விளக்கு முதல் தலைமுடி வெட்டுவரை எதை வேண்டுமானாலும் 'டிஸ்கோ' என்று சொல்லும் தலைமுறை இங்கே உருவானது. இந்தச் சொல்லை அமெரிக்க கிளப்களிலிருந்து உலகத்தின் வாய்க்குக் கொண்டுவந்ததில் இந்த ஒரு ஆல்பத்தின் பங்கு பெரிது.

1997-ல் பீ ஜீஸ் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்கள். மாரிஸ் 2003-லும் ராபின் 2012-லும் காலமானார்கள். எஞ்சியிருக்கும் பேரி 2018-ல் சர் பட்டம் பெற்றார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், நாட்டுக்காகப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக இந்த ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

நெஞ்சின் தாளம்

இப்போது அந்த 103 என்ற எண்ணுக்கு வருவோம். ஒருவரின் இதயம் திடீரென நின்றுபோனால், அருகில் இருப்பவர் அவருடைய நெஞ்சின் நடுவே இரண்டு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்பது மருத்துவ விதி. பதற்றத்தில் யாருக்கும் எண்ணத் தோன்றாது. 'ஸ்டேயிங் அலைவ்' தாளமோ அந்த வரம்புக்குள் அச்சாக உட்காருகிறது. 2008-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக மருத்துவர்கள் இதைச் சோதித்தார்கள். பாட்டைக் கேட்டுக்கொண்டு அழுத்தியவர்களின் சராசரி 109. ஐந்து வாரம் கழித்து, பாட்டு இல்லாமல் மனதுக்குள் நினைத்துக்கொண்டே அழுத்தியபோது 113. 2012-ல் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன், நடிகர் வின்னி ஜோன்ஸை வைத்து இதே பாட்டோடு விழிப்புணர்வு விளம்பரம் எடுத்தது. இப்படி நெஞ்சை அழுத்தும் முதலுதவியைக் கற்றுத்தரும் சி.பி.ஆர். வகுப்புகளில் பயிற்சிப் பொம்மைகளுக்கு முன்னால் இன்றும் இந்தப் பாட்டு ஓடுகிறது.

ஒரு மரணத்தால் டிரம்மர் இல்லாமல் போன நாளில், இரண்டு பார் டேப்பை ஒட்டிச் செய்த தாளம் அது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்கு அந்தப் பாட்டை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். தாளத்தை விரலால் தட்டிப் பழகுங்கள். அருகில் எங்காவது சி.பி.ஆர். பயிற்சி நடந்தால் குடும்பத்தோடு போய்க் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கண்முன்னே யாராவது நினைவிழந்து, மூச்சில்லாமல் விழுந்தால், 108-க்கு அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவே குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை தாளத்தை விடாதீர்கள்.